உப்புப் பார்க்க ஒருவன்

நோன்பு வைத்தவன் கஞ்சி காய்ச்சலாம். உப்புப் பார்க்க முடியாது.

நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியிருந்தார். கரீமுக்கு மனம் ஒப்பவில்லை. துப்பும்போது ஒரு சொட்டு உள்ளே போய்விட்டால் என்ன செய்வது என்றான். வீட்டில் மனைவி சாஜிதாவும் நோன்பு. அதனால் கோதண்டராமன் வந்தான்.

கோதண்டராமனின் ஊர் செஞ்சிக்கு வெளியே, வல்லம் போகும் சாலையில். மாடு வைத்திருந்தான். கொஞ்சம் நிலம், அதில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை. பிற்பகல் பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டுச் சைக்கிளைப் பள்ளிவாசலின் பின்பக்கம் விடுவான். அங்கே தகரக் கொட்டகையில் அண்டா கொதித்துக்கொண்டிருக்கும். கரீம் ஒரு கரண்டி மொண்டு லோட்டாவில் ஊற்றித் தருவான். கோதண்டராமன் ஊதி ஊதிக் குடிப்பான்.

“கம்மி.”

கரீம் ஒரு கை அள்ளிப் போட்டுத் துடுப்பால் துழாவுவான்.

“இப்போ?”

“சரியா இருக்குது. இஞ்சிதான் தூக்குது. நாளைக்குக் கொறச்சுக்க.”

“உன்னை உப்பு மட்டும்தாண்டா பாக்கச் சொன்னேன்.”

“உப்புக்கு ஒண்ணு, இஞ்சிக்கு ஒண்ணுன்னு ரெண்டு நாக்கா வெச்சிருக்கேன்?”

இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். ஒரே வகுப்பில் தேறாமல் நின்றவர்கள்.

எண்பத்தெட்டாம் வருஷம் அது. ரமலானும் சித்திரையும் சேர்ந்து வந்தன. பள்ளிவாசல் கஞ்சியைப் பல வருஷம் காய்ச்சிய சாந்த் பாஷா மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். அவருக்குக் கீழே வேலை பார்த்த கரீமிடம் அண்டா வந்தது. பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி ஜகபர் அலிக்கு அதில் விருப்பமில்லை. அவலூர்பேட்டையில் பெயர் வாங்கிய சமையற்காரர் ஒருவர் இருந்தார். அவரைக் கூப்பிடலாம் என்றார். நம்ம ஊர்ப் பையன் ஒரு வருஷம் செய்யட்டும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். கரீமுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. சாந்த் பாஷாவுக்குப் பிறகு வந்ததால் பையன்.

கரீம் எத்தனையோ கல்யாணங்களில் பிரியாணி இறக்கியிருக்கிறான். பெயர் சாந்த் பாஷாவுக்குப் போகும். பள்ளிவாசல் கஞ்சி அப்படியல்ல. செஞ்சியே குடிக்கும் கஞ்சி அது. நோன்பு இருப்பவர்களும் இல்லாதவர்களும் எல்லாத் தெருவிலிருந்தும் தூக்கோடு வருவார்கள். ஒரு ரமலானை நல்லபடியாக முடித்தவனைக் கல்யாண வீடுகள் தேடி வரும். கெடுத்தவனை யாரும் தேட மாட்டார்கள். கரீமுக்கு இது தெரியும். கோதண்டராமனுக்கும் தெரியும்.

*

அந்தச் சனிக்கிழமை கோதண்டராமன் எப்போதும் போல வந்தான். லோட்டாவை எடுத்து நீட்டினான். கரண்டியைச் சாய்க்கப்போன கரீம் நிறுத்தினான். நீட்டிய கையில் மஞ்சள் கயிறு இருந்தது.

“இது இன்னாடா?”

“காப்பு.”

“அது தெரியுது. எப்போ கட்டின?”

“நேத்து. மங்கைக்குக் கொழந்த நல்லபடியா பொறக்கணும்னு அம்மனுக்கு வேண்டியிருந்தேன். பொறந்துடுச்சில்ல. வர்ற வெள்ளிக்கிழமை தீ மிதிக்கிறேன்.”

மங்கை அவன் ஒரே மகள். முதல் குழந்தை தங்கவில்லை. இது இரண்டாவது.

கரீம் கரண்டியை அண்டாவுக்குள் விட்டான்.

“கறி போட்டிருக்கேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சா வந்த?”

“நாக்குல வெச்சுட்டுத் துப்பிடறேன். உங்க ஹஜ்ரத்து சொன்னாரே.”

“எனக்கு ஆகாதது உனக்கு ஆகுமா?”

கோதண்டராமன் லோட்டாவை இறக்கவில்லை.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் யாருடா பாப்பாங்க?”

“நான் பாத்துக்கறேன்.”

“எதால? உன் நாக்குதான் பூட்டிக் கெடக்குதே.”

“கை இருக்குது. இத்தினி வருஷமா அள்ளிப் போட்ட கை.”

“தெனம் நான் கம்மின்னு சொல்றேனே, அந்தக் கையா?”

கரீம் லோட்டாவைப் பிடுங்கினான்.

“காப்பு கட்டினவன் கவுச்சிப் பக்கம் நிக்கக்கூடாது. போடா.”

கோதண்டராமன் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தான். கரீம் அவனைப் பார்க்காமல் துழாவிக்கொண்டிருந்தான். சைக்கிள் போகும் சத்தம் கேட்டது.

கை அள்ளியது. போட்டான். பிறகு சந்தேகம் வந்தது. எதிரில் டீக்கடை வைத்திருந்த பச்சைமுத்துவைக் கூப்பிட்டான். பச்சைமுத்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். செருப்பைத் தெருவிலேயே விட்டான். லோட்டாவை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தான்.

“நல்லா இருக்குது பாய்.”

“உப்பு?”

“எல்லாமே நல்லா இருக்குது.”

பச்சைமுத்து பொய் சொல்லவில்லை. பள்ளிவாசல் கஞ்சி அவனுக்குப் பிரசாதம். பிரசாதத்தில் யாரும் உப்புப் பார்ப்பதில்லை.

நோன்பு திறக்கும் சங்கு ஊதியது. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் பேரீச்சம்பழத்தைக் கடித்து, தண்ணீர் குடித்து, கிண்ணத்தை எடுத்தார்கள். பேச்சு நின்றது. யாரோ உப்பு கேட்டார்கள். ஒரு தட்டில் உப்பு வந்தது. அந்தத் தட்டு முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை கைமாறிப் போவதைக் கரீம் பார்த்தான். தன் கிண்ணத்தில் ஒரு வாய் குடித்தான். வெந்தயம் தெரிந்தது. பூண்டு தெரிந்தது. உப்பு இல்லை.

தொழுகை முடிந்து ஜகபர் அலி கொட்டகைக்கு வந்தார்.

“கரீம்.”

“பாய்.”

“இன்னைக்கு நோயாளிக்குக் காய்ச்சினியா?”

கரீம் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா அவலூர்பேட்டை ஆள் பஸ் ஏறிடுவாரு. சொல்லி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை கஞ்சிச் செலவு எங்க வீட்டு முறை. சம்பந்தி வீட்டுக்காரங்க திண்டிவனத்துலேருந்து வர்றாங்க. ஞாபகம் இருக்கட்டும்.”

“சரிங்க பாய்.”

“சாந்த் பாஷா யாரையும் கூப்ட்டு உப்புப் பாக்கல.”

அது உண்மை. கரீம் அண்டாவைக் கவிழ்த்து வைத்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குள் செருப்பைக் கழற்றாமல் ஓர் ஆள் வந்தார். தோளில் துண்டு. முகத்தில் ஏற்கெனவே குறை சொல்லும் பாவனை.

ராஜாங்கத்தை எல்லாச் சமையற்காரர்களுக்கும் தெரியும். பந்தியில் அவர் உட்கார்ந்தால் மற்ற இலைகளை விட்டுவிட்டு அவர் இலையைத்தான் பார்ப்பார்கள். சாம்பாரைக் குறை சொல்வார். ரசத்தைக் குறை சொல்வார். எழுந்திருக்கும்போது இலை கிழிசல் என்பார். கோதண்டராமனின் பெரியப்பா மகன். இருவருக்கும் ஒரே கிணறு. மோட்டார் போடும் முறையில் தகராறு வந்து, பல வருஷமாகப் பேச்சு இல்லை.

“உப்புப் பாக்கணுமாமே. எடு.”

“நீங்களாண்ணே?”

“ஏன், எனக்கு நாக்கு இல்லையா?”

“இருக்குது. ஊருக்கே தெரியும். காப்பு கட்டலையா?”

“கோயில் கமிட்டிக்கும் எனக்கும் ஆகாது. இன்னைக்குக்கூட எங்க வீட்டுல மீன் கொழம்பு. நீ எடு பாய்.”

கரீம் ஊற்றினான். ராஜாங்கம் ஒரு வாய் வைத்து வெளியே துப்பினார்.

“இது கஞ்சியா, கழனித் தண்ணியா?”

“இன்னும் உப்புப் போடலண்ணே.”

“போடாம ஏன் குடுத்த? போட்டுட்டுக் குடு.”

போட்டுக் கொடுத்தான்.

“பத்தல.”

மறுபடியும்.

“பத்தலன்றேன். உன் வீட்டு உப்பா? பள்ளிவாசல் உப்புதானே? போடு.”

மறுபடியும். ராஜாங்கம் கண்ணை மூடிக் குடித்தார். லோட்டா காலியானது.

“குடிக்கலாம்.”

கரீம் காத்திருந்தான். வேறு வார்த்தை வரவில்லை.

“நல்லா இருக்குதாண்ணே?”

“குடிக்கலாம்னு சொன்னேன். பல்லக்குல வெச்சுத் தூக்கணுமா?”

கரீம் அடுப்பிலிருந்து ஒரு சவுக்குக் கட்டையை வெளியே இழுத்தான். தணல் குறைந்தது.

“யார் சொல்லி வந்தீங்க?”

“யார் சொல்லுவாங்க? அவன்தான்.” ராஜாங்கம் துண்டால் வாயைத் துடைத்தார். “காலையில வந்து எங்க வாசல்ல நின்னான். எங்க நாய்க்கு அவனைத் தெரியல, கொலைக்குது. அது பொறக்கறதுக்கு முன்னாடியே பேச்சு நின்னுபோச்சு. அப்படியே நின்னான். ‘அண்ணா’ன்னான்.”

கரீம் துழாவுவதை நிறுத்தினான்.

“மங்கை கல்யாணத்துக்கு என்னைக் கூப்புடல. கொழந்த பொறந்ததுக்கும் கூப்புடல. உன் உப்புக்குக் கூப்ட்டான் பாய்.”

“எதுக்கு உங்களைப் போய்...”

“நானும் அதத்தான் கேட்டேன். ஊருல வேற நாக்கே இல்லையாடான்னேன். ‘மத்தவங்க நல்லா இருக்குதுன்னு சொல்லிடுவாங்கண்ணா. உன் வாயில அது வராது’ன்னான்.” ராஜாங்கம் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார். “அவனுக்கு என்னைத் தெரியும்.”

“சும்மாவா ஒத்துக்கிட்டீங்க?”

“சும்மாவா? காலையில மோட்டார் முறை எனக்குன்னேன். இந்தக் கோடை முடியற வரைக்கும். கரண்டு ஒழுங்கா வர்ற நேரம் அதுதான். அதுக்காகத்தான் இத்தினி வருஷம் மொகம் பாக்காம இருந்தோம். சரிண்ணான்னான். ஒரு வார்த்தை பேசல. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

“அப்போ வேணாம்னு விட்டிருக்கலாமே.”

“ஏன் விடறேன்? எனக்கும் பயிர் இருக்குது.”

அன்றைக்கு உப்புத் தட்டு வரவில்லை. ஜகபர் அலி இரண்டாவது கிண்ணம் வாங்கினார்.

*

திங்கட்கிழமை சொசைட்டி வாசலில் கரீம் காத்திருந்தான். கோதண்டராமன் காலி கேனைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டிருந்தான்.

“மோட்டார் முறையைக் குடுத்துட்டியாமே.”

“அந்த ஆளு வாய் நிக்காதே.”

“மல்லாட்டை காஞ்சுபோச்சுன்னா?”

“கரண்டு வர்றப்போ எழுந்து பாய்ச்சறேன். தூக்கம்தானே போவும்.”

“எனக்காக நீ அவரு வாசல்ல போய் நிக்கணுமா? நாய் கொலைக்க?”

கோதண்டராமன் கேனை இறுக்கிக் கட்டினான்.

“சனிக்கிழமை லோட்டாவைப் புடுங்கினியே. உப்புக் கெட்டா அண்டா போவும்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுதானே புடுங்கின?”

கரீம் தலையாட்டினான்.

“அப்போ வாயை மூடு.”

கரீம் வாயை மூடினான். இருவரும் கடைத்தெரு வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். பள்ளிவாசல் திருப்பத்தில் கோதண்டராமன் சைக்கிளில் ஏறினான். கொட்டகைப் பக்கம் வரவில்லை. காப்பு.

அந்த வாரம் முழுக்க ராஜாங்கம் வந்தார். ஒரு நாள் பூண்டு கருகியது என்றார். ஒரு நாள் தேங்காய் முற்றல் என்றார். பச்சைமுத்து கடையில் டீ குடித்து, அதையும் குறை சொன்னார். ஒவ்வொரு நாளும் கடைசியில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார்.

*

வெள்ளிக்கிழமை கரீம் அடுப்பைச் சீக்கிரமே மூட்டினான். ராஜாங்கம் குடித்தார். கையை நீட்டி இன்னொரு லோட்டா வாங்கினார். அதையும் குடித்தார்.

“குடிக்கலாம்.”

“அண்ணே, இன்னைக்கு முத்தவல்லி வீட்டு முறை. சரியாப் பாத்துச் சொல்லுங்க.”

“குடிக்கலாம்னா குடிக்கலாம். முத்தவல்லிக்குன்னு தனி நாக்கு வெச்சிருக்கேனா?”

கரீம் தணலை இழுத்துப் போட்டு அண்டாவை மூடினான். கை கழுவினான். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ஜகபர் அலி வந்தார். வெள்ளைச் சட்டையில் அத்தர் மணந்தது.

“எங்க கெளம்பிட்ட?”

“கோதண்டம் தீ மிதிக்கிறான் பாய். போகணும்.”

“இன்னைக்கா? சம்பந்தி வீட்டாரு வந்து உக்காந்திருக்காங்க. கஞ்சி வெக்கறப்போ காய்ச்சினவன் இருக்க வேணாமா? ஒண்ணு ஆச்சுன்னா யாரைக் கேக்கறது?”

“ஒண்ணும் ஆகாது. ராஜாங்கம் அண்ணன் பாத்துட்டாரு.”

ஜகபர் அலி ராஜாங்கத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“இவரா?”

“இவரு வாயில நல்ல வார்த்தை வராது பாய். பொய்யும் வராது.”

“சரியாச் சொன்னான்” என்றார் ராஜாங்கம்.

“கெட்டுப்போச்சுன்னா?”

“அவலூர்பேட்டைக்கு ஆள் அனுப்புங்க.”

கரீம் கரண்டியைத் துடைத்து அண்டா மூடியின்மேல் வைத்தான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு சைக்கிளை எடுத்தான்.

“நீங்க வரலையாண்ணே?”

“கமிட்டிக்காரன் மூஞ்சியைப் பாக்க மாட்டேன். இங்கயே இருக்கேன். குடிக்கிறவன் மூஞ்சியைப் பாக்கறேன்.”

*

ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கோயில் எதிரே தணல் பரப்பியிருந்தார்கள். பம்பை அடித்தது. கூட்டத்தில் தொப்பியைப் பார்த்து யாரோ, “பாய், முன்னாடி வாங்க” என்று வழிவிட்டார்கள். கரீம் குழியின் மறுமுனையில் போய் நின்றான். காலையிலிருந்து தண்ணீர் இல்லை. தணலின் சூடு முகத்தில் அறைந்தது.

மஞ்சள் வேட்டி கட்டியவர்கள் வரிசையாக வந்தார்கள். முதல் ஆள் ஓடினான். அடுத்தவனும் ஓடினான். ஓடுவதில் குறையில்லை. பலரும் ஓடித்தான் கடந்தார்கள்.

கோதண்டராமன் வந்தான். கையில் வேப்பிலை. கண் நேராக இருந்தது. தணலில் கால் வைத்தான்.

நடந்தான்.

வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போகிறவன் நடப்பதுபோல நடந்தான். பம்பைச் சத்தம் ஏறியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

“யாருய்யா அது, ஓடாம வர்றது?” என்றார் பக்கத்தில் நின்றவர்.

“எங்க கோதண்டம்” என்றான் கரீம்.

அந்த மனிதர் தொப்பியைப் பார்த்தார். கரீம் இன்னொரு முறை சத்தமாகச் சொன்னான்.

“எங்க கோதண்டம்.”

கோதண்டராமன் தணலைக் கடந்து பால் ஊற்றிய பள்ளத்தில் நின்றான். கூட்டம் அவனைத் தாங்க வந்தது. அவன் விலக்கிவிட்டு நிமிர்ந்தான். கரீமைப் பார்த்தான்.

“கஞ்சி?”

“தெரியல. வெக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டேன்.”

“பைத்தியமாடா உனக்கு? இன்னைக்குன்னு பாத்து...”

“வாயை மூடு.”

கோதண்டராமன் சிரித்தான்.

ஊர்ப் பக்கமிருந்து சங்கு கேட்டது. பம்பைக்கு நடுவே மெல்லியதாக. கரீமின் கையில் பேரீச்சம்பழம்கூட இல்லை. கோதண்டராமன் போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். கால் சாம்பலாக இருந்தது. கரீம் முணுமுணுத்துவிட்டுக் குடித்தான். நோன்பு திறந்தான்.

இருட்டத் தொடங்கியபோது சாலையில் சைக்கிள் மணி விடாமல் அடித்தது.

“டேய்! இங்க வாங்கடா ரெண்டு பேரும். நான் உள்ள வரமாட்டேன்.”

ராஜாங்கம் கோயில் எல்லைக்கு வெளியே நின்றார். சைக்கிளில் தூக்கு தொங்கியது.

“முத்தவல்லி குடுத்தனுப்பினாரு. நோன்பு தொறக்க ஒண்ணும் எடுக்காம ஓடிட்டான்னு திட்டினாரு. அவரே மொண்டு ஊத்தினாரு.”

“அவங்க இன்னா சொன்னாங்கண்ணே?” என்றான் கோதண்டராமன்.

“சம்பந்தி ரெண்டாவது கிண்ணம் கேட்டாரு. அப்புறம் இன்னொண்ணு. அந்த ஆளு கொஞ்சம் அதிகமாத்தான் குடிக்கிறாரு. காய்ச்சினது யாருன்னாரு. முத்தவல்லி, ‘நம்ம கரீம்’னாரு. அவலூர்பேட்டைப் பேச்சையே காணோம்.”

கரீம் தூக்கை வாங்கினான். இன்னும் சூடாக இருந்தது.

“காலையில மோட்டார் முறை எனக்குத்தான்” என்றார் ராஜாங்கம். “இதுல அது மறந்துபோவக்கூடாது.”

“மறக்கலண்ணா.”

கரீம் மூடியைத் திறந்தான். சாலையோரத்தில் உட்கார்ந்து குடித்தான். நிறுத்தாமல் குடித்தான். கோதண்டராமன் மஞ்சள் கயிறு கட்டிய கையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டி நின்று பார்த்தான். அவன் உப்புப் பார்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

“உப்பு?”

கரீம் தூக்கைக் கவிழ்த்துக் காட்டினான். காலி. வாயைத் துடைத்துக்கொண்டு ராஜாங்கத்தைப் பார்த்தான். பிறகு கோதண்டராமனைப் பார்த்தான்.

“குடிக்கலாம்” என்றான்.